ஒரே கட்டையில் பதினொரு தூளி

தோனா வால்தெனோரா மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார். காட்டில் மரக் கணக்கெடுக்கும் குழுக்களுக்குப் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறவர். அடுப்பு வெக்கையில் உதடு வெடித்தாலும் முகத்தைக் கழுவிக்கொள்வார், அவ்வளவுதான். வயதானவர்களின் ஏதோ பழக்கம் என்று முதல் வாரம் நினைத்தேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயதுதான்.

எங்கள் முகாமில் எல்லோரும் படுக்க ஒரே தார்ப்பாய். அதன் அடியில் இரண்டு நீளக் கட்டைகள். அவற்றுக்கு நடுவே ஆள் படுக்கிற பதினொரு தூளிகள், முழங்கை இடிக்கிற நெருக்கத்தில். ஒன்பது ஆண்கள், நாங்கள் இரண்டு பெண்கள். ராத்திரி ஒதுங்க ஒருவர் இறங்கினால் கட்டை முனகும். மற்றப் பத்துப் பேரும் ஆடுவார்கள். விடிந்ததும் காப்பி அடுப்பைச் சுற்றி அதுதான் பேச்சு.

"நேத்து நெலநடுக்கம் மூணு தடவ," என்பான் ஜெனிவால். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்கிறவன். "அத்தை, நீங்களா, நம்ம டாக்டரம்மாவா?" டாக்டரம்மா நான்தான்; வைத்தியம் படித்தவள் இல்லை, மரம் படித்தவள்.

"ஒன் கொறட்டைக்கே கட்டை ஆடுது. பேசாம டம்ளர நீட்டு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அன்றைக்கு இன்னும் சீக்கிரமாகத் தண்ணீரை நிறுத்திவிடுவார். இரண்டாவது வாரத்தில் நானும் என் பாட்டிலில் பாதியை மிச்சம் வைக்கத் தொடங்கியிருந்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஓடையில் அந்தக் கஷ்டம் கிடையாது. பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கிளையில் தன் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார். அது தொங்கும்வரை ஒரு ஆண்கூட அந்தப் பக்கம் வரமாட்டான். அவர் மார்புவரை பாவாடையைக் கட்டிக்கொண்டு குளிப்பார். திரும்பி வந்து, கொசுவலைக்குள் தூளியில் படுத்தபடியே உடை மாற்றுவார். ஓடைக்கு மரியாதை இருந்தது. கட்டைக்குத்தான் இல்லை.

என் மாதத் துணிகளைத் துவைத்து, வெட்கப்பட்டு, ஈரமாகவே பைக்குள் திணித்து வைத்திருந்தேன். நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"கொண்டா இப்படி. காயாத துணிய உடம்புல வெச்சா புண்ணாயிடும் மகளே."

அடுப்புக்குப் பின்னால் கொடி கட்டி, கரித்துணிகளுக்கு நடுவே அவற்றை எல்லோருக்கும் எதிரிலேயே உலர்த்தினார். "பாத்திரம் தொடைக்கிற துணிய எந்த ஆம்பள ஏறெடுத்துப் பாத்தான்?"

பதினாறாம் நாள் பீன்ஸ் பானையை இறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"ஒண்ணுக்குப் போறப்போ எரியுதா?"

"எரியும். முகாமுக்கு ஒரு தடவ வரும், போகும். புதுசா என்ன?"

இந்தத் தடவை போகவில்லை. சாயங்காலம் குளிர் நடுக்கம் வந்தது. மேஸ்திரி ஒசேயாஸ் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ரேடியோவில் நர்சைக் கூப்பிட்டு, மருந்துப் பெட்டியில் இருந்த மாத்திரைகளின் பெயரைப் படித்துக் காட்டி, ஒன்றைக் கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.

"காய்ச்சல் எறங்கலேன்னா வியாழக்கிழமை சாமான் படகுலயே ஊருக்குப் போயிடுங்க அத்தை. எம் மச்சான் சமைக்க வர்றேன்னு சொல்லிட்டுத்தான் இருக்கான்."

அவர் தலையாட்டினார். மேஸ்திரி நகர்ந்ததும் என்னிடம் சொன்னார், "பாதியில போனவள அடுத்த முகாமுக்குக் கூப்பிட மாட்டாங்க. இதவிட்டா எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப தண்ணி குடிங்களேன்."

"குடிச்சா எறங்கணும்ல? இந்த ஒடம்போட எத்தன தடவ அந்தக் கட்டைய ஆட்டுறது?" கண்ணை மூடிக்கொண்டார். "சில முகாமுக்குச் சின்னத் தார்ப்பாய் ஒண்ணு வரும். அடுப்புக்கு அந்தப் பக்கமா ரெண்டு மரத்துல தனியா கட்டிக்குவேன். இந்தத் தடவ மறந்துட்டாங்க போல."

யாரும் மறக்கவில்லை. சுமைப் பட்டியலை எழுதியது நான். எடை கூடிவிட்டது என்றபோது அந்தத் தார்ப்பாயை அடித்ததும் நான்தான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர். ஆண்கள் கேட்காத எதையும் கேட்காமல் காட்டுக்குள் போய் வரவேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. அது எனக்கான முடிவு என்றே நினைத்திருந்தேன். இன்னொருத்திக்கும் சேர்த்து முடிவெடுத்தது அப்போது உறைக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"சரி," என்றார் அலுப்போடு. "அழாத. அழுதா தார்ப்பாய் வந்துருமா?"

முகாமில் இன்னொரு தார்ப்பாய் இருந்தது. மரங்களை அடையாளம் காணப் பறித்து வைத்த இலைக் கட்டுகளை மூடியிருந்தது அது. மேஸ்திரியிடம் போனேன்.

"எல நனைஞ்சா ரெண்டு வார வேல போச்சு டாக்டரம்மா."

"எலக்கட்டு பெரிய தார்ப்பாய்க்குள்ள வரட்டும். ரெண்டு தூளி எடம் காலியாகும்ல. பட்டியல்ல அதை அடிச்சது என் தப்பு."

"அத்தைக்காகக் கேக்குறீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும்," என்றேன்.

இருட்டுவதற்குள் ஜெனிவாலே வந்து கட்டிக் கொடுத்தான். தலைக்கு மேல் பட்ட கிளை இருக்கிறதா என்று பார்த்தான். அடிமரத்தில் எறும்பு ஏறுகிறதா என்று தடவினான். "இனிமே நெலநடுக்கம் இல்லாம எங்களுக்குத் தூக்கம் வராது அத்தை," என்றான். அவன் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்ததுபோல் பட்டது. நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை படகு வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. மேஸ்திரி அவரைத் தேடிக் கரைக்குப் போனார். அவர் அங்கே படகுக்காரனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பு எங்கடா? பதினோரு பேருக்குச் சக்கரையப் போட்டா பீன்ஸ் வேகவைக்கிறது?"

ஒசேயாஸ் வந்த வழியே திரும்பிவிட்டார். படகு அவரை ஏற்றாமல் போயிற்று.

அன்று நாலு மணிக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். ஆண்களின் தூளிகள் தொங்கும் கட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாதி குடித்தார். மீதியைப் பீன்ஸ் பானையில் ஊற்றிவிட்டார்.

"முழுசாக் குடிங்களேன்."

"பத்தொம்பது வருஷத் தொண்ட மகளே. மெதுவாத்தான் நம்பும்."

என் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பாதி இருந்தது.