வாப்பாவின் பிடி

மணிக்கட்டைப் பிடித்ததும் சிலீரென்று ஈரம் ஒட்டும். என் தோழி நஸ்ரினின் உள்ளங்கை எப்போதும் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். கீழக்கரையில் நான் படித்த பெண்கள் பள்ளியில் சனிக்கிழமை காலைகளில் கராத்தே வகுப்பு நடந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் "சண்டைக் கிளாஸ்" என்று பெயர். ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாஸ்டர் எங்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துவார். ஒரு வரிசை கையைப் பிடிக்க வேண்டும், மறு வரிசை பிடித்தவளின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும். அவர் "இரண்டு" என்றால் நான் உருவுவேன், நஸ்ரின் விடுவாள். நல்ல பிள்ளை அவள், சில நாள் "ஒன்று" என்னும்போதே விட்டுவிடுவாள். வருடம் முழுக்க இந்த ஒரே அசைவைச் செய்துவிட்டு, இனி என் கையைப் பிடிக்க எவனும் பிறக்கவில்லை என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தவர் வாப்பா. சவூதியில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு. எங்கள் ஊரில் "சபர்" என்று வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு வாப்பா என்பவர் பாதி விருந்தாளிதான். முதல் சில நாள் முகம் பார்த்துப் பேசவே கூச்சமாக இருக்கும். அதைப் போக்கத்தானோ என்னவோ, கிளாஸில் கற்றதைச் செய்து காட்டச் சொன்னார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து மொட்டைமாடியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். திருப்பினேன், இழுத்தேன், இரண்டு காலையும் ஊன்றித் தொங்கினேன், கை வரவில்லை. ரெண்டு எண்ணியதும் விட்டுவிட வேண்டும் என்று அழாத குறையாக விதியை எடுத்துச் சொன்னேன்.

"புடிக்கிறவன் எண்ணிக்கிட்டா புடிப்பான்?" என்று கேட்டாரே தவிர விடவில்லை.

அன்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவள், மறுநாள் நானாகவே போய்க் கையை நீட்டினேன். வாப்பாவுக்குக் கராத்தே ஒரு மண்ணும் தெரியாது. பிடிப்பார், அவ்வளவுதான். அந்தப் பிடியில் மாட்டிக்கொண்டு திணறித் திணறித்தான், இழுத்தால் வராது, முழங்காலை மடக்கி அவர் பக்கமே ஓரடி போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. மாஸ்டரிடம் சொன்னபோது, முறை கையில் ஊறுவதற்கு முன்னால் முரட்டுத்தனம் கூடாது என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. விடுப்பு முடிவதற்குள் அபூர்வமாக ஓரிரு தடவை நான் தப்பியது மாஸ்டர் ஊறவைத்த அந்தத் திருப்பலால்தான். ஆனால் நஸ்ரினிடமிருந்து உருவிய எந்த நாளும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த விடுப்புக்கு வந்தபோது வாப்பா மெலிந்திருந்தார். அங்கத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். நான் இரண்டு வருடமாகக் காத்திருந்தவள். முதல் நாளே மாடிக்கு இழுத்துப் போய்க் கையை நீட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி உருவினேன். கை சட்டென்று வந்துவிட்டது. நான் நிலைதடுமாறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதினேன்.

"விட்டுட்டீக வாப்பா."

"விடலம்மா."

மறுபடி நீட்டினேன், மறுபடி பிடித்தார். இந்த முறை நான் இழுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய விரல் முட்டிகள் வெளுத்தன, முழங்கைவரை கை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனைக்கும் என் மணிக்கட்டில் இருந்த பிடி நஸ்ரின் பிடிக்கிற அளவுக்குத்தான் இருந்தது. அவரும் தன் கையையே பார்த்தார். பிறகு, நான் பெரிய மனுஷியாகிவிட்டேன் என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வாப்பா கையில் பலமே இல்லை என்று உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சண்டைக் கிளாஸ் போய் மகள் பெற்றவரையே ஜெயித்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். மாமிமார்கள் வந்து என் கையை அமுக்கிப் பார்த்தார்கள். என் பலமில்லை, என் பலமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று மெச்சினார்கள். என் கைக்குத் தெரிந்ததை ஒருவருக்கும் புரியவைக்க முடியாத அந்த ஆற்றாமை இன்றும் எனக்கு ஆறவில்லை.

கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு மூத்தவள், ராத்தாவுக்காகக் கட்டிய வீடு மேல்தளம் போடாமல் நின்றது. இன்னும் ஒரு சபர் போய்வந்தால் முடிந்துவிடும் என்று வாப்பா கிளம்பிப் போனார். சில மாதங்களில் செய்தி வந்தது. சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்ததாம். அங்கே கூட இருந்தவர்களிடமும் அவர் சொல்லவில்லை. அந்த மண்ணிலேயே அடக்கினார்கள். இங்கே பள்ளிவாசலில் உடல் இல்லாமல் ஜனாஸா தொழுதார்கள்.

ராத்தாவின் வீடு முடிந்து, அதுவும் இப்போது பழைய வீடாகிவிட்டது. எங்கள் மாடியிலிருந்து தெரிந்த கடலை எதிர்வீட்டு மாடிகள் மறைத்துவிட்டன. சபர் போனவர்கள் தினமும் செல்போனில் முகம் காட்டுகிறார்கள். முகம் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருப்பதாக வீட்டில் நம்பிக்கொள்கிறார்கள்.

போன பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் மகளும் கராத்தே கற்கிறாள். இப்போதெல்லாம் தலைக்கவசம் மாட்டி, நிஜமாகவே மோதவிடுகிறார்கள். மாடியில் அவள் கையை நான் இறுக்கிப் பிடித்திருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த உம்மா, நான் வாப்பாவை ஜெயித்த பழைய கதையை எடுத்தார். வாப்பாமார் எல்லாம் சும்மா விட்டுக்கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு மகள் கீழே ஓடிவிட்டாள்.

உம்மா வெகுநேரம் ஒரே துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவுக விட்டுக் குடுக்கலடி. எனக்கு அப்பவே தெரியும். சோறு பெசையவே கை நடுங்குச்சு. நீ வந்து சொன்னப்ப சிரிக்காட்டி அழுதுருப்பேன்."

தடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"போகாதீகன்னு சொன்னேன்" என்றார் உம்மா. "ஒரு தடவதான் சொன்னேன்."