நான் பிடித்துக்கொண்ட தோள்கள்

நர்ஸிங் முடித்த கையோடு மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மத்தியானம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அத்தை கூட்டி வந்தாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

“எங்க குடும்ப வழக்கம் சிஸ்டர். பொண்ணுங்க எல்லாருக்கும் பண்றதுதான்.”

டாக்டர் கதவைச் சாத்தினார். பெண்ணுறுப்பில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான் என்றார். தோள்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன்.

“அக்கா, விடுங்கக்கா,” என்று அவள் என்னிடம்தான் கெஞ்சினாள்.

“எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு,” என்றேன்.

அந்த அலறலை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அந்த மாதமே வேலையை விட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை; பின்னாளில் கணவரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கு ஏழு வயதான வருஷம், அவளைக் குளிப்பாட்டவே என் கை கூசியது.

பல வருஷம் கழித்து, மேடவாக்கத்தில் ஒரு பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். பரிசோதிக்கப் போனபோது ஒரு கர்ப்பிணி என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். தழும்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“எந்த ஊர்ல பண்ணாங்கம்மா?”

“மும்பைல. ஏழு வயசுல. இப்பவும் அவர் தொட்டாலே உடம்பு வெறச்சுடும் சிஸ்டர்.”

நான் பிடித்துக்கொண்ட சிறுமி இவளில்லை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே என் நிம்மதி எனக்கே அருவருத்தது.

அவளுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் பார்க்க வந்த அவளுடைய அம்மா, “ஏழு வயசானதும் இவளுக்கும் செஞ்சுடணும்,” என்றார்.

“என்னோட போகட்டும்மா,” என்று அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். தாம்பரத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். “என்னையும் அப்படித்தான் பிடிச்சாங்க,” என்றார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. யாரும் அவளைத் தொடவில்லை. இதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று மனு கொடுக்கும் பெண்களோடு அவள் தாயும் சேர்ந்துவிட்டாள். என் சாட்சியத்தையும் கேட்டாள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் போன் இல்லை. பிறகு வீட்டுக்கே வந்தாள்.

“நீங்க பிடிச்சுக்கிட்டது முன்னாடியே தெரியும் சிஸ்டர். ஆனா அப்புறம் இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்களே, அதைத்தான் படிக்க முடியல.”

காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. தாள்களை மனுவோடு சேர்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.