மஞ்சள் நூல்

மெக்கானிக் கை துடைக்கும் பனியன் வேஸ்டில் மஞ்சள் நூலைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது குடோனாகிவிட்ட எங்கள் முதலிபாளையம் லைன் வீட்டுப் பின்வாசலில்தான், அம்மா ஓவர்லாக் மிஷினில் தைத்த பனியன் கம்பெனி தினமும் நூலும் துணித்துண்டுமாகக் கட்டிங் வேஸ்டைக் கொட்டும். எங்கள் கோழிகள் நூலைப் புழுவென்று கொத்தி விழுங்கும்.

கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை அந்தியில் நிறைந்திருந்தாலும் விடியும்போது வற்றியிருக்க வேண்டும். எங்கள் செவலைக்கு அது காலையிலும் கல்லாக நின்றது, வாயில் புளித்த வாடை. அம்மா நல்லெண்ணெய் புகட்டி, தீனிப்பையை மெல்ல நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வழியாக வந்த முதலாளியிடம், "இங்கன வேஸ்ட்டக் கொட்ட வேணாம்னு சொல்லுங்க முதலாளி" என்றாள். அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"நெறையத் தின்னுருக்குதுங்க. அதுக்கென்னங்க கொறை."

எத்தனை 'ங்க', எவ்வளவு மரியாதை.

தீனிப்பை நிறைந்தபடியே, பட்டினியில், மறுநாள் காலை செவலை செத்தது. அம்மா அறுத்துப் பார்த்தாள். உள்ளே உருண்டையாக மஞ்சள் நூல்; அந்த வாரம் அவள் மிஷினில் ஓடிய எக்ஸ்போர்ட் ஆர்டர் நூல்.

கம்பெனியில் பெல் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு போய், அதே மஞ்சள் நூலைக் கோத்துத் தைத்தாள்.