கையை மூடித் திறந்ததால் ஏறிய பொட்டாசியம்

ராசா கிளினிக்கில் இன்று டாக்டர் தம்பி என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆண்டி, பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. வார்டுல சேரணும்" என்றார்.

கூட வந்த பக்கத்து வீட்டு சரோஜா அங்கேயே அழத் தயாரானாள்.

நான் மகளுக்கு போன் போட்டேன். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ரத்தக் குழாய்களை லேபில் சோதிக்கும் கிளினிக்கல் கெமிஸ்ட்ரியில் ஃபெல்லோஷிப் பயிற்சி செய்கிறாள். "இன்னுமா பாஸாகல?" என்று எங்கள் லோபாக் வட்டாரம் முழுக்கக் கேட்டு வைத்தவள் இதே சரோஜாதான்.

"ரத்தம் எடுக்கறப்ப கையை என்னம்மா பண்ணீங்க?" என்றாள் மகள்.

"மூடித் திறக்கச் சொன்னாங்க. ஊசியை எடுக்கிற வரைக்கும் நிறுத்தாம செஞ்சேன். கான்வென்ட்ல எதையும் பாதியில விடச் சொல்லித் தரல."

"அதுலகூட எடுத்த ரத்தத்துல மட்டும் ஏறும்மா. கையைச் சும்மா வெச்சு மறுபடி எடுக்கச் சொல்லுங்க. இசிஜியும் பார்க்கட்டும்."

டாக்டரிடம் சொன்னேன். இரண்டையும் செய்தார். இரண்டிலும் கோளாறில்லை. வார்டு தப்பியது.

சரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மக நிஜ டாக்டர்தான்லா அக்கா. என் முட்டிவலிக்கு என்ன மாத்திரைன்னு கேளுங்களேன்."

என் மகளை பாஸாக்கிய கையோடு முதல் நோயாளியாகவும் சேர்ந்துவிட்டாள். முட்டியை எந்தக் குழாயில் பிடித்து லேபுக்கு அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.