அண்ணன் பேரில் எடுத்த எக்கோ

ஐம்பத்து நான்கு வயதுக்குள் வெங்கடேஷ்பாபு தன் பேரில் செய்துகொண்ட காரியம் என்று பார்த்தால், ஆதார் கார்டுக்குக் கைரேகை வைத்ததைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் அண்ணன் துளசிராமுக்குப் பதிலாகச் செய்ததுதான். அண்ணன் ஸ்கூட்டரில் ஒரு பெரியவரை இடித்துவிட்டபோது ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தது பாபு. அண்ணனுக்குப் போகப் பிடிக்காத கல்யாணங்களுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தது பாபு. ஒருமுறை துளசிராம் திருப்பதிக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டார். வேண்டியது கிடைத்த பிறகு மொட்டைத் தலையோடு கடையில் உட்காரக் கூச்சப்பட்டு, தம்பியை அனுப்பிவைத்தார். பெருமாளும் ஆள் அடையாளம் கேட்கவில்லை போலிருக்கிறது, வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. அன்றிலிருந்து துளசிராமுக்கு எதையும் ஆள் வைத்து முடித்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது அவர்கள் பாஷை. நான் தமிழில் சொல்கிறேன். வீடு வில்லாபுரத்தில். விளக்குத்தூண் பக்கம் நைட்டி மொத்த வியாபாரம். கல்லாவில் அண்ணன் உட்காருவார். மூன்றாவது மாடி குடோனுக்கு மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் பாபு. அவனுக்கும் ஒரு பெண் அமைந்தது. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றார் அண்ணன். பெண் வீட்டார் தீபாவளி வரை காத்திருக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, பாபுவும் எடுக்கவில்லை. இப்படி ஒரு மனுசன் இருப்பானா என்று கேட்காதீர்கள். நம் எல்லார் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், நமக்கு வசதியாக இருப்பதால் கண்டுகொள்வதில்லை.

துளசிராமுக்கு அறுபத்தொன்றாவது வயதில் இரண்டு முட்டியும் தேய்ந்து போயின. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கார்த்திகை இருபத்தாறு என்று நாள் குறித்துக் கொடுத்தார். அதைத் தவறவிட்டால் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் குறுக்கே விழுந்தார். வயசு இருக்கு, சுகர் இருக்கு, ஆபரேஷனைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். வெளியில் எக்கோ என்கிற இருதய ஸ்கேன் எடுத்து, இருதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்.

துளசிராம் வெளிறிப்போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் அவருக்கு நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டியது. கோலி சோடா குடித்துச் சமாளித்துவிட்டு வந்தார். மனைவி சாரதாம்பாளைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"மிஷின்ல படுத்தா காட்டிக் குடுத்துரும். அப்புறம் ஒரு பய கத்திய எடுக்க மாட்டான்," என்றார்.

சாரதாம்பாள்தான் வழி சொன்னாள். "பாபு எதுக்கு இருக்காரு? அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து நான் பாத்ததில்ல. ஒங்க பேரச் சொல்லிப் படுத்துட்டு வரட்டும்."

பாபு மறுக்கவில்லை. காலையில் குளித்து, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். துளசிராம் வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"பேரு துளசிராம், வயசு அறுபத்தொண்ணு. மூச்சு வாங்குதான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லு."

"சரிண்ணே, போயிட்டு வாரேன்."

தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். சட்டையைக் கழற்றி இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். டாக்டர் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை விலாவில் வைத்து அழுத்தினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் பாபு நினைத்தான். டாக்டர் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

அது பொய். ஆடி மாசத்திலிருந்தே குடோன் படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறிக்கொண்டிருந்தான். வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்து வந்தான்.

"நெஞ்சு வலி?"

"இல்ல சார்."

டாக்டர் பசையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். "துளசிராம் சார், ஒங்க இருதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. பாதி வேலைகூடச் செய்யல. முட்டி ஆபரேஷன மறந்துருங்க. இந்த வாரமே ஆஞ்சியோ பாத்து மருந்து ஆரம்பிக்கணும். வீட்டுல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க."

இதைக் கேட்டதும் பாபுவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று தோன்றியது. ரிப்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஏ.வி. பாலத்தில் கண் மறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அண்ணனுக்காக அழுதான்.

வீட்டில் ரிப்போர்ட்டைப் படித்ததும் துளசிராம் அதைத் தம்பி முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"ஒன்னைய நம்பி அனுப்புனேன் பாரு. ஒரு நாளு, ஒழுங்கா போயிப் படுத்துட்டு வரத் தெரியல."

"காப்பி குடிச்சிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள் சாரதாம்பாள். "எதையோ தின்னுட்டுப் போயித்தான் இப்பிடிக் காட்டிருக்கு."

"வெறும் வயித்தோடதான் மதினி போனேன்," என்று பாபு குற்றவாளி மாதிரி நின்றான்.

துளசிராமின் மகள் காவ்யஸ்ரீ மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அதைச் சொன்னாள்.

"சித்தப்பா, இது அப்பா நெஞ்சு இல்ல. ஒங்க நெஞ்சு."

பாபு போட்டிருந்த அண்ணன் சட்டையின் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றான். அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. துளசிராம் மகளிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

"கிழிக்காதீங்கப்பா, சித்தப்பாவுக்கு அது வேணும்."

"ஏம்பேருல இருக்குறத வச்சு அவன் என்ன செய்வான்? பேரு மாத்திப் படுத்தான்னு தெரிஞ்சா கேசாயிரும். மொதல்ல எனக்கு முடியட்டும். அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன். எங்க போயிரப் போறான்?"

நாள் நெருங்கிவிட்டது, வேறு ஆளும் இல்லை. கடைசியில் துளசிராம் தானே மாட்டுத்தாவணிப் பக்கம் இன்னொரு சென்டருக்குப் போய்ப் படுத்தார். இருதயம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த வியாதி, கல்யாணச் சாப்பாட்டில் வந்த வாய்வு. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். பாபுவும் சாப்பிட்டான்.

கார்த்திகை இருபத்தாறில் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள பாபுவைத்தான் வைத்தார்கள். அண்ணனைத் தூக்கி உட்கார வைக்க, கக்கூசுக்கு நடத்திப் போக, மாடிப்படி ஏறி இறங்கி மருந்து வாங்கி வர எல்லாவற்றுக்கும் அவன்தான். காவ்யஸ்ரீ இரண்டு தடவை அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் முறைத்ததும் அடங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பாபுவே ஒரு நாள், கேட்கக் கூடாததைக் கேட்பவன் போல, மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?"

"மார்கழி பொறந்துருச்சேடா. தை வரட்டும், நல்ல நாள் பாத்துப் போவோம்."

வைகுண்ட ஏகாதசி வந்தது. வருஷா வருஷம் அந்த விரதம் துளசிராம் பேரில்தான். சுகர் மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்க முடியாது என்று சில வருஷமாக அதையும் பாபு இருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொங்கலுக்குச் சரக்கு கேட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு, ஐந்தாவது மூட்டையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் பாபு சரிந்தான்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனார்கள். பாபுவுக்கு நினைவு இருந்தது. உடம்பு நனைந்து கிடந்தது. இளவயசு டாக்டர் பிரஷர் பார்த்தார், மிகவும் இறங்கியிருந்தது. துளசிராம் புது முட்டியோடு, கைத்தடிகூட இல்லாமல், படியேறி வந்து சேர்ந்தார். காவ்யஸ்ரீ பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நேத்துல இருந்து தண்ணி குடிக்கலையா? அப்ப தண்ணிச்சத்து கொறஞ்சுதான் மயக்கம் வந்திருக்கும். டிரிப்ஸ் வேகமா ஏத்துனாச் சரியாயிரும்," என்றார் டாக்டர். "ஆனா இருதயம் பலவீனமா இருந்தா அப்பிடி ஏத்தக் கூடாது, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அதான் கேக்குறேன். முன்னாடி எக்கோ எதுவும் எடுத்திருக்காரா?"

"இல்ல டாக்டர்," என்றார் துளசிராம். தெரிந்தும் ஏன் கூட்டி வரவில்லை என்ற அடுத்த கேள்வி அவருக்கு முன்கூட்டியே கேட்டுவிட்டது.

காவ்யஸ்ரீ வாயைத் திறந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். குனிந்து பாபுவையே கேட்டார். "அய்யா, நீங்க சொல்லுங்க. ஒங்க நெஞ்சுல கோளாறு இருக்குன்னு யாராச்சும் சொல்லிருக்காங்களா?"

பாபு அண்ணனைப் பார்த்தான். அந்த முகத்தில் இப்படி ஒரு பயத்தை அவன் பார்த்ததே இல்லை. அண்ணன் பயந்தால் அவனுக்குத் தாங்காது. அந்தக் கூறுகெட்ட மனுசன் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

"இல்ல சார்."

துளசிராமின் முகம் தெளிந்தது. டாக்டர் நிமிர்ந்து, டிரிப்ஸ் பாட்டிலை முழுசாகத் திறந்துவிடும்படி நர்ஸிடம் சொன்னார்.