கடைசி, புதுக் கடைசி, நிஜக் கடைசி

ஊருக்கே பெயர்ப்பலகை வடிவமைப்பவர். ஆனால் பெயர் வைக்க வராது. மகளே பள்ளியில் சேரும்வரை வெறும் ‘பாப்பா’தான், அங்கே கேட்ட பிறகுதான் வீட்டில் அவசரக் கூட்டம் போட்டார்கள். கணினிக் கோப்புகளின் கதி இன்னும் மோசம். ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘நிஜக் கடைசி’, ‘ஐயோ கடைசி’. எது சரியானது என்று கேட்டால், திருத்திய தேதியைப் பார்ப்பார். அந்த வரிசையில் மேலே இருப்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் குப்பை. இந்த ஒரே நம்பிக்கையில் பல வருடம் கடை ஓடியது.

புதுக் கணினி வந்தது. கோப்புகளை மாற்றித் தர மனைவியின் தம்பி வந்தான். மவுஸைத் தொடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் எதையும் செய்வான். தட்டினான். மொத்தமும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி: இன்று.

அன்று மாலைதான் ஒரு பல் மருத்துவமனையின் திறப்பு விழா. பலகை இன்னும் அச்சுக்கே போகவில்லை. அச்சகத்துக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். திரையிலோ அந்தப் பலகையே ஒரு பட்டாளமாக நின்றது. ஒன்றில் பழைய போன் நம்பர். இன்னொன்றில் புள்ளி விழாமல் ‘பல மருத்துவமனை’. குறையில்லாதவை இரண்டு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். டாக்டரைக் கூப்பிட்டால், பழைய கிளினிக்கில் யாரோ ஒருவரின் வாய்க்குள் கையை விட்டபடி, “நாம கடைசியா பேசினது எதுவோ அதுதாங்க” என்று முடித்துக்கொண்டார்.

“என்னடா பண்ணித் தொலைச்சே?”

“ஒரு ஃபைல்கூட போகல மாமா. எல்லாம் பத்திரமா இருக்கு.”

“தேதி எங்கடா?”

“சும்மா காப்பி பண்ணினா இன்னிக்குத் தேதிதான் விழும். பழசு அப்படியே வேணும்னா கட்டளையில ‘பி’ன்னு ஒரு எழுத்து சேர்க்கணும்.”

“சேர்த்தா கை சுளுக்கிக்குமா?”

“நீங்க கேக்கலையே!”

அவன் அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “பழைய கம்ப்யூட்டர் டப்பாவுல எல்லாம் இருக்கா, அழிச்சுட்டியா?”

“அழிக்கத்தான் இருந்தேன்க்கா. பசிச்சுது. சாப்பிட்டுப் பாத்துக்கலாம்னு…”

அவன் சோம்பேறித்தனத்தை அந்த வீடு முதல்முறையாக வாழ்த்தியது.

மறுபடி நகல், இந்த முறை ‘பி’யோடு. பழைய தேதிகள் திரும்பி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. உச்சியில் நின்றது நீலம், வியாழக்கிழமைத் தேதியோடு. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அச்சகத்துக்குப் பறந்தது.

மாலையில் டாக்டர் ஏணியடியில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“நல்லாதான் இருக்கு. பச்சைன்னுல்ல பேசினோம்?”

“அது செவ்வாய்க்கிழமை சார். வியாழக்கிழமை நீங்களே போன் பண்ணி நீலம்னு மாத்திட்டீங்க.”

வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த தன் மனைவியை டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“அப்ப அவ பக்கத்துல இருந்திருப்பா. நீலமே இருக்கட்டும்.”