அத்தான் சைக்கிளில் அரைக் காற்று

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் ஊர் மொத்தமும் அவர் தயவில்தான் காலையில் பல் துலக்குகிறது. குன்றின் உச்சியில் இருக்கும் குடிநீர்த் தொட்டியில் அவர் வால்வு ஆபரேட்டர். பொழுது விடியும்போது வால்வைத் திறந்துவிடுவார், தண்ணீர் குழாய் வழியாக ஊருக்குள் இறங்கும். அப்புறம் சுவரில் இருக்கும் பிரஷர் மீட்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் அத்தான் சிரித்த முகமாக இருப்பார். முள் லேசாக இறங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. மனுஷனுக்குத் தெரிந்த ஒரே பாவம் அழுத்தம் குறைவதுதான்.

மேலே தனிமை. பேச ஆள் கிடையாது, திட்டவும் ஆள் கிடையாது. யாராவது சத்தம் போட்டுப் பேசினாலே ஒதுங்கிப் போகிற அத்தானுக்கு அந்த இடம் சொர்க்கம். பத்துப் பதினைந்து வருஷமாக அப்படியே காலத்தை ஓட்டிவிட்டார்.

போன வருஷம் அலுவலகத்தில் ஒரு புது அதிகாரி வந்தார். செலவைக் குறைக்கிறேன் என்று முதல் வேலையாக, அத்தானை மேலே கொண்டுபோய் விடும் ஜீப்பை நிறுத்தினார். "சொந்தமா ஏறி வர முடிஞ்சா மேல இருங்க. முடியலேன்னா கீழ கவுண்ட்டருக்கு வந்துடுங்க. மேல வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் தானே மேலே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

கவுண்ட்டர் என்றால் புகார் கவுண்ட்டர். நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தடுப்பு. தண்ணீர் வராதவர்கள் அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்துவார்கள், உள்ளே இருப்பவர் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தான் ஒரு தடவை லீவு போட்ட ஆளுக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் "ஆமாங்க, ரொம்பத் தப்புங்க, இதைச் சும்மா விடக்கூடாதுங்க" என்று தலையாட்டி, மத்தியானத்துக்குள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டார். அன்று சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திரும்பவும் அங்கே உட்கார வைத்தால் ஆள் தேறமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குன்றுப் பாதை தார் போட்டதில்லை. சரளைக்கல்லும் செம்மண்ணும்தான். பஸ் போகாது. அத்தான் வைத்திருந்த பழைய ஸ்கூட்டர் முதல் மேட்டிலேயே புகை கக்கிப் படுத்துவிட்டது. நடந்து ஏறினால் அவர் போய்ச் சேருவதற்குள் ஊர் குளிக்காமலே வேலைக்குப் போய்விடும். ஆகவே சைக்கிள். மலைப்பாதையில் ஏறும் சைக்கிள்.

அதற்குப் பணம்? அக்கா வாஷிங் மெஷின் வாங்க எடுத்து வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தாள். அன்று துணி அலசிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் கடைக்கு அத்தான் என்னைக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் அத்தான் கண் ஒரு ஆரஞ்சு கலர் வண்டியில் போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங்.

"இது வேற லெவல் சார். மெத்தையில உக்காந்த மாதிரி போகும்" என்றார் கடைக்காரர். அவருக்குக் கடையில் எல்லாமே வேற லெவல்.

"அத்தான், நம்ம கையில இருக்கற காசுக்கு ரெண்டு ஸ்பிரிங் குடுத்தா ரெண்டுமே மட்டமாத்தான் இருக்கும். நீங்க மிதிக்கற மிதியில பாதிய பின்னாடி ஸ்பிரிங்கே முழுங்கிடும். மேடு ஏறணும், மெத்தையில தூங்கவா போறீங்க?"

"கொஞ்சம் சொகுசா இருக்கட்டுமேன்னு பாத்தேன் மாப்ளே."

அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் அவரைத் தடுத்தது அவர் தொழில்தான். வண்டியைக் குனிந்து பார்த்து, குழாயும் குழாயும் சேருகிற இடத்தை விரலால் தடவினார். ஒவ்வொரு குழாயையும் நகத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "வெல்டிங் சரியில்லையே. இதுல தண்ணி விட்டா ஒழுகும்" என்றார். சைக்கிளில் தண்ணி விட்டுப் பார்த்த வாடிக்கையாளர் அதுவரை கடைக்காரருக்கு வாய்த்திருக்க மாட்டார்.

அப்படித் தட்டித் தட்டிக் கேட்டு, முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஒரு சாதாரண அலுமினிய வண்டியில் வந்து நின்றோம். கறுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லாத வண்டி. ஆனால் வெல்டிங் சுத்தம், டிஸ்க் பிரேக் ஒழுங்கு, கியர் தடுமாறாமல் மாறியது. அளவில் மறுபடி சண்டை வந்தது. சின்ன சைஸ், பெரிய சைஸ் இரண்டும் ஒரே விலை என்று தெரிந்ததும் அத்தான் பெரியதைத்தான் எடுப்பேன் என்றார்.

"அதே காசுக்கு இரும்பு கூடக் கிடைக்குதே?"

"அலுமினியம் அத்தான். காலைத் தரையில ஊனி நில்லுங்க பாப்போம்."

நின்றார். நடுக் குழாய் படக்கூடாத இடத்தில் பட்டதும் சின்னதை எடுத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்த கொஞ்சப் பணத்தில் எதை மாற்றுவது என்பது அடுத்த கேள்வி. அத்தானுக்கு ஸ்டாண்டு, கண்ணாடி, ரப்பர் பந்து வைத்த ஹாரன் எல்லாம் வேண்டும். குன்றில் ஹாரன் யாருக்கு? ஓணானுக்கா? வண்டி தரையைத் தொடுகிற இடம், நம் உடம்பு வண்டியைத் தொடுகிற இடம், இந்த இரண்டுக்கு மட்டும்தான் காசு என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதலில், மண்ணைப் பிடிக்க மேடுமேடாகக் கொண்டை வைத்த அகலமான டயர் இரண்டு. அப்புறம் வண்டியோடு வந்த வழுக்கு பிளாஸ்டிக் பெடலை எடுத்துவிட்டு, செருப்பைக் கவ்விப் பிடிக்கிற பெடல். இந்த இரண்டுக்கும் வெளியே ஒன்றே ஒன்று, மேடு ஏற முன்பக்கம் சின்னப் பல்சக்கரம். மற்றதெல்லாம் வண்டியோடு வந்ததே போதும், தேய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இவ்வளவுக்கும் தலையாட்டிவிட்டு, பில் போடுகிற நேரத்தில் அத்தான் சுவரோரம் நின்ற காற்றடிக்கும் பம்பைப் பார்த்துவிட்டார். அதன் அடியில் வட்டமாக ஒரு மீட்டர், அதற்குள் ஒரு முள். மனுஷன் உருகிப் போய்விட்டார். அதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.

வினை அங்கேதான் வந்தது. டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் இவ்வளவு காற்று என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அத்தானுக்கு அது உத்தரவு. தினம் சாயங்காலம் முள் அந்த எண்ணைத் தொடும்வரை அடித்து, டயரைத் தட்டிப் பார்த்து, டங் என்று சத்தம் வந்த பிறகுதான் படுக்கப் போவார். அந்தக் கல் போன்ற டயரோடு சரளையில் ஏறினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறியது. கழுதை வளைவு என்று ஒரு இடம் உண்டு. அந்தக் காலத்தில் சுமை தூக்கிய கழுதைகளே அங்கே நின்று யோசிக்குமாம். அந்த வளைவில் பின் சக்கரம் பிடி இல்லாமல் வெறுமனே சுற்றும், அத்தான் பக்கவாட்டில் சாய்ந்து விழுவார். முட்டி, முழங்கை, அப்புறம் மறுபடி முட்டி. அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதில் தண்ணீர் தாமதம். கீழே கவுண்ட்டர் ஓட்டையில் கூட்டம்.

"காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க அத்தான். டயர் லேசா அமுங்கினாத்தான் கல்லைப் பிடிக்கும்" என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் அம்மாவைத் திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பார். "அழுத்தத்தைக் குறைக்கச் சொல்றியா? என்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. நீங்க எக்கேடோ கெடுங்க என்று நானும் விட்டுவிட்டேன்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலம் அத்தான் காற்றடித்து, சந்தேகப்பட்டு, மறுபடி அடித்து, பூரித்துப் போய்த் தூங்கினார். காலையில் கிளம்பிப் போனார்.

அன்று கழுதை வளைவில் பின் சக்கரம் சுற்றவில்லை. கல்லைக் கவ்விக்கொண்டு மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. அத்தானுக்கே நம்பிக்கை இல்லை. மேலே அதிகாரி, செலவு என்று நிறுத்திய அதே ஜீப்பில் வந்து இறங்கி, மணி பார்த்துக்கொண்டு நின்றாராம். அத்தான் சீட்டில் உட்கார்ந்தபடியே போய் அவர் முன்னால் பிரேக் பிடித்தார். வால்வு நேரத்துக்குத் திறந்தது. அதிகாரி டயரை ஒரு பார்வை, ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, மேலயே இருங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

சந்தோஷத்தில் துள்ள வேண்டிய மனுஷன் அப்போதுதான் குனிந்து பார்த்தார். இரண்டு டயரும் அமுங்கிக் கிடந்தன. கட்டைவிரல் உள்ளே போனது. வீடு திரும்பியதும் இரண்டு ட்யூபையும் வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒரு குமிழிகூட வரவில்லை. கசிவு இல்லாமல் அழுத்தம் எங்கே போனது? அன்று சாயங்காலம் முழுக் காற்று அடித்தார். மறுநாள் கழுதை வளைவில் விழுந்தார்.

அன்று நானும் அக்கா வீட்டில் இருந்தேன். முட்டியில் மருந்து போட்டுக்கொண்டே அத்தான் புலம்பினார்.

"கசிவே இல்ல மாப்ளே. ரெண்டு சக்கரத்துலயும் ஒரே அளவு இறங்கியிருக்கு. என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. ராத்திரி எல்லாம் அதே நினைப்பு."

அக்கா துணி அலசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கசிவுமில்ல ஒண்ணுமில்ல. நான்தான் எடுத்து விட்டேன்."

"எதை?"

"காத்தை. அதிகாரி வந்த அன்னிக்குக் காலையில, நீங்க பாத்ரூம்ல இருந்தப்ப. ஸ்பூன் காம்பை ரெண்டு டயர் மூக்குலயும் மாத்தி மாத்தி வெச்சு அழுத்தினேன். முழுக்க விடத்தான் பாத்தேன். அதுக்குள்ள நீங்க கதவைத் திறந்துட்டீங்க, பாதியோட நிறுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஏன்? நான் போகக்கூடாதுன்னா?" என்றார் மெதுவாக.

"ஆமா, போகக்கூடாதுன்னுதான்! தினம் ரத்தத்தோட வந்து நிக்கறீங்க. உங்க பேண்ட்டைக் கசக்கினா தண்ணி சிவப்பா வருது, அது செம்மண்ணா வேற எதுவுமான்னு பாத்துப் பாத்துத் துவைக்கறேன். கவுண்ட்டர்ல கத்தினா காதுதான வலிக்கும்? பஞ்சு வெச்சுக்கலாம். அங்க விழுந்து மண்டை உடைஞ்சா நான் என்னத்த வெக்கறது?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அத்தான் ரொம்ப நேரம் மருந்து ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பொண்டாட்டி அவர் வேலைக்கு உலை வைக்கப் பார்த்திருக்கிறாள், அதனாலேயே வேலை தப்பித்திருக்கிறது. இதற்குக் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

கடைசியில் சொன்னார். "நாளைக்கும் அதே மாதிரி விட்டுடு. அன்னிக்கு விட்ட அளவு."

"நீங்களே விட்டுக்கங்க. மீட்டர் இருக்குல்ல?"

"என் கைக்கு வராதும்மா."

அன்றிலிருந்து தினம் காலையில் இது நடக்கிறது. அத்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அக்கா ஸ்பூனோடு உட்கார்ந்து உஸ்ஸென்று விடுவாள். சாயங்காலம் அவர் முழுக்க அடிப்பார், காலையில் அவள் பாதியை எடுத்துவிடுவாள். ஒரேயடியாகக் குறைவாகவே அடித்தால் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. மறுபடி ஒரு வாரம் பேசாமல் இருந்துவிடுவார். ஆனால் அதற்கப்புறம் அவர் விழவில்லை.

வாஷிங் மெஷின் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் மெஷினில் துவைத்துக்கொண்டு, ராத்திரி இங்கேயே தங்கிவிடுவது என்று இப்போது ஏற்பாடு. போன வாரம்தான் முதல் தடவை அப்படித் தங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் வெளிச்சமே வரவில்லை, கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அத்தான், கையில் சைக்கிள். குன்று ஊருக்கு அந்தக் கோடியில், எங்கள் வீடு இந்தக் கோடியில். சட்டைப் பையில் ஸ்பூன் நீட்டிக்கொண்டிருந்தது.

"குடுங்க அத்தான், நான் விடறேன்" என்று கையை நீட்டினேன்.

"உனக்கு அளவு தெரியாது" என்று வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அவளை எழுப்பு."

எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அக்கா ஏற்கனவே வாசலுக்கு வந்திருந்தாள். தலையைக்கூடச் சீவவில்லை. ஸ்பூனை வாங்கிக்கொண்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் எழுந்து வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார் அத்தான்.

அவள் காற்றை விட்டு, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விட்டாள். "சரி, கிளம்புங்க. ஊருக்குத் தண்ணி வரணும்" என்று ஸ்பூனை அவர் பையில் போட்டாள்.